அக்கா உட்காரும் இடங்கள்

தாம்பரத்தில் காலை ஆறேகாலுக்குத் திருவண்ணாமலை பஸ் கிடைத்தது. திண்டிவனம், செஞ்சி வழியாக நூற்றறுபது கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். 1998 ஆகஸ்ட். சாமி கும்பிடவோ மலை சுற்றவோ நான் போகவில்லை. அங்கே தனியாக இருக்கும் என் அக்கா சரோஜாவைப் பெங்களூருக்குக் கிளப்பப் போனேன்.

அவளுக்கு எழுபத்திரண்டு வயது, ரிட்டயர்டு டீச்சர். பெங்களூரில் இருக்கும் அவள் மகன் முரளி போனில், "மாமா, அம்மா வீட்ல விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? நீங்க சொன்னாதான் கேப்பாங்க" என்றிருந்தான். மனைவி போனபின் நானும் தாம்பரத்தில் தனிக்கட்டைதான். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, நான் உட்பட.

பதினொன்றரைக்கு இறங்கினேன். முந்தின நாள் பௌர்ணமி. ரோடு முழுக்கத் தண்ணீர்ப் பாக்கெட்டும் ஒற்றைச் செருப்புமாகக் கிடந்தன. "நேத்து வந்திருந்தா நிக்கவே எடம் இருக்காது சார்" என்றார் ஆட்டோக்காரர். "பௌர்ணமி வெளியூர்க்காரங்களுக்கு. மத்த நாளுதான் எங்களுக்கு." பேகோபுரத் தெருவுக்கு இருபது ரூபாய் பேசினார். டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னதும், "டீச்சர் தம்பியா நீங்க? மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று பதினைந்தே வாங்கிக்கொண்டார். பெயர் ஏழுமலை.

மறுநாள் காலை ஆறரைக்கு அக்கா பையை எடுத்தாள். "நடப்பியா, வீட்லயே இருக்கியா?" என்று என்னைக் கேட்டாள். ரோஷம் வந்து கிளம்பினேன். அவள் நடையைச் சொல்ல வேண்டும். முன்னால் போகிற சைக்கிளை வழிவிடச் சொல்லி அதட்டுவாள். கோயிலுக்குள் புகுந்து கிழக்கே வெளியே வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

ஆனால் ஒன்று கவனித்தேன். கோபுர வாசலில் பூ விற்கும் கன்னியம்மாவிடம் போனதும், அந்த அம்மாள் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார், அக்கா உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஊர்க்கதை. பிறகு மார்க்கெட், கத்தரிக்காய் கிலோ ஆறு ரூபாய்க்குப் பேரம். தேரடித் தெரு மருந்துக்கடையில் ஒரு ஸ்டூல், அங்கேயும் உட்கார்ந்தாள்.

"முட்டி வலி ஜாஸ்தியா, கம்மியாங்க டீச்சர்?" என்று கேட்டார் கடைக்கார பாய்.

"நேத்துக்குக் கம்மி பாய். தம்பி வந்திருக்கான் இல்ல, வலி அவன் காலுக்குப் போயிடுச்சி."

திரும்பும்போது ஆட்டோ ஸ்டாண்டில் ஏழுமலையின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகரவில்லை. அவளும் நகரச் சொல்லவில்லை. பேப்பரை வாங்கித் தலைப்புச் செய்தியை அவருக்கு உரக்கப் படித்துவிட்டு இறங்கினாள். தினமும் இப்படித்தானாம். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: முரளி சொன்னது சரி, இவளால் முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை, அவள் கிளம்புமுன் பேச்சை எடுத்தேன். "போற வழியெல்லாம் உக்காந்து உக்காந்து எழுந்திருக்கிற. பெங்களூர்ல சோபா இருக்கு, வேலைக்கு ஆள் இருக்கு. எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

வழக்கம்போல் அதட்டுவாள் என்று நினைத்தேன். காபி டம்ளரைப் பார்த்தபடியே இருந்தாள். ஏழு மணி ஆனது, ஏழரை ஆனது. நான் விடவில்லை.

"விழுந்தா யாருக்குத் தெரியும்னு என்னையும் கேட்டான்டா," என்றாள் கடைசியில். "பொறந்த ஊரு மாதிரி ஆயிடுச்சி, விட்டுப் போக மனசு வரல. ஆனா அவன் கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. சரி, போறேன்னு சொல்லிடு."

அவள் கண் கலங்கி நான் பார்த்தது அபூர்வம். வந்த காரியம் முடிந்தது. ஆனால் சந்தோஷமாக இல்லை.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது என்பார்களே, அதுதான் அடுத்து நடந்தது. கதவு தட்டப்பட்டது. கன்னியம்மா, மூச்சிரைக்க நின்றார். "இன்னா டீச்சர், ஒடம்பு சரியில்லியா? பெட்டி போட்டு வெச்சி பாத்துகினே இருந்தேன். கூடைய பக்கத்துக் கடையில வுட்டுட்டு ஓடியாறேன்."

அக்கா பதில் சொல்வதற்குள் வாசலில் ஆட்டோ ஹாரன். ஏழுமலை தலையை நீட்டினார். "பாய் அனுப்பினாருங்க. மணி எட்டாவுது, ஸ்டூல் காலியா இருக்குதே, போய்ப் பாருன்னாரு. நானும் அதேதான் நெனச்சினு இருந்தேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்; புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மூட்டு வலிக்காக அவள் உட்கார்ந்த இடங்களில், அவள் வராவிட்டால் தேட ஆள் இருந்தது. அது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"முரளிகிட்ட நானே சொல்லிக்கறேன்," என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கன்னியம்மாவோடு கிளம்பிவிட்டாள். எனக்குக் காபி கூட இரண்டாம் முறை கிடைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு அருகே எஸ்.டி.டி. பூத்தில் முரளியைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். "அடுத்த மாசம் நான் வந்து பாக்கறேன் மாமா" என்றான். வரட்டும், அவனுக்கும் ஒரு பெட்டி கவிழ்த்துப் போடுவார்கள்.

மத்தியானம் ஒன்றரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலை வெகுதூரம் கூடவே வந்தது. இரவு வீட்டுப் பூட்டைத் திறந்தேன். நான் போனதும் எதிர்வீட்டுக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது. முரளியின் கேள்வியை என்னையே கேட்டுப் பார்த்தேன். பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தால், பால்காரன் மறுநாள் பக்கத்திலேயே இன்னொன்றைப் போட்டுவிட்டுப் போவான்.

காலையில் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் உட்காரலாமா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் பதறிப்போனார். "என்ன சார், தலை சுத்துதா?"

"இல்லைங்க. சும்மா."

ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். பத்து நிமிடம் உட்கார்ந்தேன். பேச ஒன்றும் அகப்படாமல், கத்தரிக்காய் விலையைச் சொன்னேன்.

மறுநாள் நான் போனபோது ஸ்டூல் வெளியே கிடந்தது.