எடைத் தாளில் நான் போட்ட கையெழுத்து

1. மூடிய ஹேங்கர்

விமானத்தை எடை போடும்போது ஹேங்கர் கதவுகளை மூடிவிட வேண்டும். மின்விசிறிகளையும் நிறுத்திவிட வேண்டும். இறக்கைமேல் லேசாகக் காற்று பட்டால்கூட அளவு மாறிக் காட்டும். அதனால் அன்றைக்குப் பெங்களூரில் எங்கள் ஹேங்கருக்குள் இருபது பேர் வியர்த்து ஊற்ற நின்றிருந்தோம். மூன்று ஜாக்கிகள், அவற்றின் தலையில் எடை காட்டும் மூன்று லோடு செல்கள், அவற்றின்மேல் தரையைத் தொடாமல் எங்கள் விமானம். மூன்று எண்களையும் படித்துக் கூட்டிச் சொல்வது என் வேலை.

கூட்டினேன். இன்னொரு முறை கூட்டினேன். கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட முந்நூறு கிலோ அதிகம்.

அது இரட்டை டர்போப்ராப் எஞ்சின் வைத்த சின்ன விமானம். பதினான்கு சீட். சீட்டுகளைக் கழற்றினால் ஸ்ட்ரெச்சர் ஏற்றலாம், மூட்டை ஏற்றலாம். பெரிய ஏர்போர்ட் இல்லாத ஊர்களுக்காக வரைந்தது. அதன் வெயிட் கன்ட்ரோல் இன்ஜினியராக நான் ஏழு வருஷம் மேஜை மேஜையாக அலைந்திருந்தேன். "ஒரு பிராக்கெட்தானே முனிரத்தினம், நாப்பது கிராம். இதுக்குப் போய் சண்டைக்கு வர்றீங்களே" என்பார்கள். கேன்டீனில் என் மேஜைக்கு வந்து உட்காருகிறவர்கள் குறைவு. அந்த நாற்பது கிராம்கள் எல்லாம் சேர்ந்துதான் இன்றைக்கு ஜாக்கிமேல் உட்கார்ந்திருந்தன.

தலைமை டிசைனர் சீனிவாசன் சார் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இறக்கி மறுபடி ஏத்துங்க" என்றார். மூன்று முறை ஏற்றினோம். எண் மாறவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அடுத்த வாரம் ரிவ்யூ கமிட்டி. முந்நூறுன்னு சொன்னா புராஜெக்டையே மூடிடுவாங்க. இதுல இருநூறு நாம எப்படியும் குறைக்கப் போறதுதானே? சீட் லேசா வரப்போகுது. பின் கதவு மாறப்போகுது. வயரிங் குறையப்போகுது. குறைச்சே போட்டுடுங்க."

"சார், இப்ப இருக்கிற எடை..."

"அதுவும் வேணும்தான். நமக்குன்னு தனித் தாள்ல வெச்சுக்குங்க."

அவர் என்னை மிரட்டவில்லை. அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. ஏழு வருஷத்தில் அவர் முழுதாக ஒரு வாரம் லீவு எடுத்து நான் பார்த்ததில்லை. இந்த விமானம் பறக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். எம்ப்டி வெயிட், அதாவது எரிபொருளும் ஆளும் சரக்கும் இல்லாத வெறும் எடை, என்ற கட்டத்தில் இருநூறு கிலோவைக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கமிட்டி தாண்டியது. விமானம் பறக்கவும் தொடங்கியது.

2. ரேணிகுண்டா

பெங்களூர் உயரமான ஊர், காற்று குளிர்ச்சி. தாழ்வான, வெயில் கொளுத்துகிற இடத்திலும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மே மாதத்து ரேணிகுண்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். திருப்பதிக்கான ஏர்போர்ட் அங்கேதான். அப்போதெல்லாம் அங்கே வந்துபோகும் விமானங்கள் சொற்பம். ரன்வே எங்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது.

தெலுங்கு பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னையும் அனுப்பினார்கள். என் ஊர் புத்தூர்ப் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது எல்லையைத் திருத்தினார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. பெங்களூரில் என்னை 'ஆந்திராக்காரர்' என்பார்கள். ரேணிகுண்டாவில் இறங்கிய முதல் நாளே சுமை ஏற்றுகிறவர்கள் 'அரவாயன', தமிழாள், என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டுமே எனக்குப் பழகிப்போன பெயர்கள்.

மூன்றாம் நாள் காலையில் என் அக்கா நாகம்மா புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். அனுமதி கிடைக்காமல் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் இந்தப் பக்கம்.

"இன்னாடா ரத்தினம், இதுக்கா இத்தினி வருஷமா ஊர்ப்பக்கம் வராம கீறே? பஸ்ஸைவிட சின்னதா கீதே!"

"சின்னதுதான்கா. அதுக்குத்தான் இவ்ளோ பாடு."

"எளைச்சிப் பூட்டே. வேளைக்குத் துன்றியா இல்லியா?" வேலிக் கம்பி வழியாக விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு ஓட்றது?"

"தாமஸுன்னு ஒரு கேப்டன். மெட்ராஸ்காரரு."

"பொண்டாட்டி புள்ளைங்க கீதா?"

"ரெண்டு பொண்ணு."

"அந்தப் பொம்பள எப்டித்தான் வூட்ல குந்திகினு கீறாளோ" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எரிச்சலோடு அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். எதற்கு எரிச்சல் என்று அப்போது யோசிக்கவில்லை.

3. எட்டு மூட்டை

அன்று பகல் ஒரு மணிக்கு முக்கியமான சோதனை. முழு எடையோடு டேக்-ஆஃப் ஆகி, கொஞ்சம் உயரத்திலேயே ஒரு எஞ்சினை அடக்கி, மற்றொன்றை மட்டும் வைத்துக்கொண்டு விமானம் மேலே ஏறுகிறதா என்று பார்ப்பது. பயணிகளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றியிருந்தோம். ரிவ்யூ கமிட்டியிலிருந்து ஒரு மூத்த அதிகாரி பார்க்க வந்திருந்தார். சீனிவாசன் சார் அவரோடு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

எத்தனை மூட்டை என்று சரிபார்க்க, அன்றைய சுமைக் கணக்கு எழுதிய லோடு ஷீட்டை எடுத்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. எம்ப்டி வெயிட் என்று இருந்த இடத்தில் கமிட்டிக்குக் கொடுத்த எண் இருந்தது. ஃப்ளைட் டெஸ்ட் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர், கோப்பில் கிடைத்த என் எடைத் தாளை நம்பிக் கணக்குப் போட்டு, அதையும் ஷீட்டோடு இணைத்திருந்தார். இன்னொரு தாள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அது என் மேஜை டிராயரில் அல்லவா இருந்தது!

அந்தக் கணக்கின்படி பறந்தால் கேப்டன் நினைப்பதைவிட இருநூறு கிலோ கூடுதலாகச் சுமந்துகொண்டு, ஒற்றை எஞ்சினில், இந்த வெயிலில் ஏறவேண்டும். ரன்வேக்கு அப்பால் மலை.

நிழலில் இருந்தவர்களைப் பார்த்தேன். அங்கே போய்ச் சொன்னால் சீனிவாசன் சார் ஏதாவது ஒரு வழி சொல்வார், நானும் கேட்டுக்கொள்வேன் என்று தோன்றியது. நேராகக் கேப்டனிடம் போனேன்.

"கேப்டன், இந்த எம்ப்டி வெயிட் தப்பு. நிஜத்துல இருநூறு கிலோ கூட."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"மூட்டை ஒண்ணு எவ்வளவு?"

"இருபத்தஞ்சு."

"எட்டு மூட்டை இறக்கச் சொல்லுங்க."

சுமை ஏற்றுகிறவர்களிடம் தெலுங்கில் சொன்னேன். அவர்களில் பெரியவர் வெங்கடய்யா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எக்கிஞ்சமன்டாரு, திஞ்சமன்டாரு. மீ விமானம் எகுருதுந்தா லேதா சார்?" ஏற்று என்கிறீர்கள், இறக்கு என்கிறீர்கள், உங்கள் விமானம் பறக்குமா பறக்காதா என்று கேட்டார்.

மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துச் சீனிவாசன் சார் வெயிலில் வேகமாக வந்தார். கமிட்டி அதிகாரியும் பின்னாலேயே வந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் சொன்னார். "ஷீட்ல இருக்கிற எடைக்கும் நிஜ எடைக்கும் இருநூறு கிலோ வித்தியாசம் சார். சரிபண்றோம்."

"இருநூறா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"ஆமாம் சார். கமிட்டிக்குக் கொடுத்ததும் இதே தாள்தான்."

சீனிவாசன் சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

விமானம் கிளம்பியது. சக்கரங்கள் மேலே போயின. வலது எஞ்சினின் சத்தம் அடங்கி, ப்ராப்பெல்லரின் தகடுகள் காற்றைத் தடுக்காதபடி விளிம்பைக் காட்டித் திரும்பி நின்றன. அதன்பிறகு விமானம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மலையின் பாதி உயரத்துக்கு எதிரே ஒட்டவைத்ததுபோலத் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு, மெல்ல, மிக மெல்ல உயர்ந்து இடப்பக்கம் திரும்பியது.

இறங்கி வந்த கேப்டனின் ஓவரால் முழுக்க நனைந்திருந்தது. எனக்கு நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். "அடுத்த தடவை நான் ஓவரால் மாட்டறதுக்கு முன்னாடியே சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

4. அதற்குப் பிறகு

பறப்பதை நிறுத்தினார்கள். விசாரணை நடந்தது. சீனிவாசன் சாருக்கும் எனக்கும் மெமோ வந்தது. என் புரமோஷன் தள்ளிப்போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. "ஆந்திராக்காரர் ஒரே வார்த்தையில எல்லாத்தையும் கவுத்துட்டாரு" என்று என் காதுபடவே பேசினார்கள். சீனிவாசன் சார் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

ஆனால் எடை குறைக்கும் வேலைக்கு என்னைத்தான் போட்டார்கள். இரண்டு வருஷம். பின் கதவை மாற்றினோம். தகட்டின் கனத்தைச் சுரண்டினோம். வயரிங்கைப் பிரித்துத் திரும்பப் பின்னினோம். நூற்று அறுபது கிலோ குறைந்தது. இருநூறு குறையவே இல்லை. அதற்குள் இந்த மாதிரி விமானம் தேவைப்பட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து வேறு விமானம் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் புராஜெக்டை ஒரு கடிதத்தில் மூடினார்கள். கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை.

சீனிவாசன் சார் ஓய்வுபெற்ற நாளில் அவர் மேஜையைக் காலிசெய்ய உதவிக்குப் போனேன். வரைபடச் சுருள்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே பேசினார்.

"அந்த இருநூறைக் குறைச்சிடுவேன்னு நான் நிஜமாவே நம்பினேன் முனிரத்தினம். ஏமாத்தணும்னு செய்யல."

"தெரியும் சார். நானும் நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."

"அப்புறம் ஏன் அன்னிக்கு என்கிட்ட வராம கேப்டன்கிட்ட போனீங்க?"

"உங்ககிட்ட வந்திருந்தா மறுபடியும் நம்பியிருப்பேன் சார்."

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு, கொஞ்சம் சிரித்தார். வாசல்வரை ஒரு சுருள்கட்டை அவரும் இன்னொன்றை நானுமாகத் தூக்கிக்கொண்டு போனோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பொய் சொல்லச் சொல்கிறவர்கள் அயோக்கியர்களாக இருந்தால் மறுப்பது சுலபம். பெரும்பாலும் அவர்கள் நல்லவர்கள், களைத்துப் போனவர்கள், நம்மைப்போலவே அந்த விமானத்தின்மேல் ஆசை வைத்தவர்கள். அவர்கள் கேட்கும்போது, குறைக்கப் போவதைத் தாளில் ஒரு கட்டத்தில் எழுதுங்கள். குறைந்ததை வேறு கட்டத்தில் எழுதுங்கள். விமானத்தில் ஏறிப் பறக்கிறவருக்கு இரண்டாவது கட்டம் மட்டும்தான் உதவும்.