ஜான்சி மிஸ் எழுதிக் கொடுத்த விளக்கம்

மாடம்பாக்கத்துப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. ஜான்சி அங்கே ஏழு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். வேலை நிரந்தரமில்லை. ஒவ்வொரு ஜூனிலும் நிர்வாகம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

இனப்பெருக்கப் பாடம் வந்தால் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். பையன்களை கிரவுண்டுக்குத் துரத்திவிட வேண்டும். பெண்களிடம் "வீட்ல படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட வேண்டும். பாடக்குறிப்பு நோட்டில் மட்டும் 'நடத்தி முடிக்கப்பட்டது' என்று எழுதிவிட வேண்டும். ஜான்சியும் ஆறு வருடம் அப்படித்தான் எழுதினாள். பச்சைப் பொய்.

போன வருடம் அவள் வகுப்பு தீபா பத்து நாளாக வரவில்லை. தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தாள் ஜான்சி. மாதவிலக்குக்குக் காயாத துணியையே கட்டிக் கட்டி, புண்ணாகி, காய்ச்சல் முற்றிக் கிடந்தது பெண்.

"ஏண்டி, வலிக்குதுன்னு யார்கிட்டயாவது சொல்றதுக்கு இன்னா?"

"அந்த எடத்துக்குப் பேர் தெரியல மிஸ். கெட்ட வார்த்ததான் தெரியும்."

ஜான்சிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இந்த வருடம் ஏ செக்‌ஷனில் ஒருத்தரையும் வெளியே அனுப்பவில்லை. கருப்பை, யோனி, விந்தகம் என்று போர்டு முழுக்கப் படம் போட்டுப் பெயர் எழுதினாள். பத்து நிமிடம் சிரித்தார்கள். அப்புறம் கேட்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், ஒரு பீரியட் போதவில்லை.

மறுநாளே சிட்டிபாபு வந்துவிட்டார். பெற்றோர் சங்கத் தலைவர். "இன்னா சார் இது? பொம்பளப் புள்ளைங்கள வெச்சுக்கினு பசங்களுக்குச் சொல்ற பாடமா? மானம் போவுது!" என்று தலைமையாசிரியர் ஞானையாவின் மேசையைத் தட்டினார். அவர் ஏரிக்கரையை மடக்கி மனை போட்டு விற்றபோது போகாத மானம் இதில் போய்விட்டதாம்.

ஞானையா ஜான்சியைக் கூப்பிட்டு வெள்ளைத்தாளை நீட்டினார். "தெரியாம நடத்திட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்கம்மா. இல்லன்னா ஜூன்ல உங்க பேர் இருக்காது."

ஜான்சி நின்றபடியே எழுதினாள்: 'தெரிந்தேதான் நடத்தினேன். நடத்தாமலே நடத்தியதாக ஆறு வருடம் பொய் எழுதினேன். அதற்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.'

ஞானையா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத மேல அனுப்பினா வேலை போயிடும்மா."

"அனுப்புங்க சார்."

பெல் அடித்தது. சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"பி செக்‌ஷனுக்கு இன்னிக்குத்தான் சார் அந்தப் பாடம்."