மரை கழண்டவன் எழுதிய மூன்று பரீட்சைகள்

கேஸ் ஃபிட்டர் வேலையைச் சரியாகச் செய்தால் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது; தப்பாகச் செய்தால் மட்டும் மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

துபாயில் இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் நைட் டூட்டி. யார் வீட்டிலாவது, ஓட்டலிலாவது கேஸ் வாடை வந்தால் கம்பெனிக்கு போன் வரும். நானும் டிரைவர் குல் கானும் வேனில் ஓடுவோம். இந்த வேலையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தூக்கிப்போட்ட ரெகுலேட்டர்களைப் பிரித்துப் பிரித்துப் பூட்டி நானாகக் கற்றுக்கொண்டது. அப்படிப்பட்டவன் நாற்பத்தெட்டு வயதில் பரீட்சைக்குப் படித்த கதை இது. தலை நரைத்த பிறகு புத்தகத்தைத் திறந்து, காலையில் படித்தது மத்தியானச் சோற்றோடு செரித்துப்போகிறதே என்று கலங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள்.

மூக்கும் பேப்பரும்

ஒருநாள் காலை டூட்டி முடிந்து ஆபீசுக்கு வந்தால் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. இனிமேல் மாஸ்டர் கேஸ் ஃபிட்டர் லைசென்ஸ் இல்லாதவர்கள் தனியாக வேலை பார்க்கக் கூடாது. பரீட்சைக்கு மூன்று வாய்ப்பு. அதற்குள் தேறாதவர்களுக்கு விசா புதுப்பிக்க மாட்டார்கள். டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். என் விசா முடிய எட்டு மாதம் இருந்தது. அந்த விசாவில் என் தொழில் இன்றைக்கும் 'ஹெல்பர்'தான். இத்தனை வருஷமாக நான் யாருக்கு ஹெல்ப் செய்துகொண்டிருக்கிறேன் என்று அதில் போடவில்லை.

இன்சார்ஜ் வர்கீஸ் சாரிடம் போய் நின்றேன். திருச்சூர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் நல்லதைக்கூடக் கேலி செய்யாமல் சொல்லமாட்டார். "சார், எங்க லீக்குன்னு சோப்பு நுரை போடுறதுக்கு முன்னாலயே நான் மோந்து பாத்துச் சொல்லிருவேன். எனக்குப் போயி பரீட்சையா?" என்றேன். அவர் பரீட்சை ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். "எடா முருகேசா, லீக்கு மோந்தா கிட்டும், சரி. கொஸ்டின் பேப்பர மோந்தா ஆன்சர் கிட்டுமோ?"

மேல்தட்டுக்காரன்

அல் கூஸில் எங்கள் கேம்ப். ஒரு ரூமில் ஆறு பேர், அடுக்குக் கட்டில் மூன்று. பகலில் நாலு பேர் சைட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் நானும், எனக்கு மேல்தட்டில் குல் கானும். பெஷாவர் பக்கத்து ஆள். படுத்தான் என்றால் ஏசி சத்தமே அவன் குறட்டைக்குக் கீழேதான் கேட்கும். எனக்கோ தூக்கம் வராது. ரொம்ப வருஷமாகவே வருவதில்லை. வெயில் வராமல் ஜன்னலில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளில் ஒரு கிழிசல் உண்டு. அதன் வழியாக விழுகிற வெளிச்சத்தில் படிப்பேன்.

படுத்தபடியே படிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்த அளவு பைப்பில் கேஸ் எவ்வளவு தூரம் போகும் என்ற அட்டவணையைக் கட்டம் போட்டு எழுதி, மேல்தட்டின் அடிப்பக்கம் என் முகத்துக்கு நேராக ஒட்டிவைத்தேன். ஒரு மாதம் கழித்துச் செருப்பைத் தேடிக் குனிந்த குல் கான் அதைப் பார்த்துவிட்டான். தன் முதுகுக்குக் கீழே எவனோ மந்திரத் தகடு வைத்துவிட்டான் என்று ஒரே கூச்சல். விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்து உன்னிப்பாகப் பார்த்தான். கட்டங்களுக்குள் நாலைந்து மூட்டைப்பூச்சிகள் மேய்ந்துகொண்டிருந்தன. "முருகேஷ் பாய், உன்னைவிட இதுங்க அதிக நேரம் படிக்குது. இந்த வருஷம் நம்ம கேம்ப்ல மூட்டைப்பூச்சிதான் பாஸ்!"

முதல் தடவை, தாய்மொழியில்

பரீட்சை கம்ப்யூட்டரில். எடுத்ததும் மொழி கேட்டது. இங்கிலீஷ், அரபி, உருது என்று போன வரிசையில் தமிழும் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாய்மொழியே துணைக்கு வந்த பிறகு என்ன பயம் என்று அதை அமுக்கினேன். விழுந்த இடம் அதுதான்.

சைட்டில் நாங்கள் எல்லாரும் பேசுவது இந்தி மாதிரி ஒரு பாஷை. நட்டுக்குள் சுற்றிச் சுற்றிப் போகிற வரிக்கு அதில் 'சூடி' என்று பெயர். வளையலுக்கும் இந்தியில் அதே சொல்தானாம். சாதாரண நட்டு வலது பக்கம் திருகினால் இறுகும். கேஸ் சிலிண்டரில் வருவது தலைகீழ். இடது பக்கம் திருகினால்தான் இறுகும். வேறு எதையாவது தெரியாமல் மாட்டிவிடக் கூடாதே என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதன் பெயர் 'உல்டா சூடி'. தமிழன், மலையாளி, பட்டாணி, நேபாளி யாரைக் கேட்டாலும் அது உல்டா சூடிதான். கம்ப்யூட்டர் என்ன கேட்டது தெரியுமா? 'உருளையின் வெளியேற்றுத் தடுக்கிதழில் அமைந்த மரை எவ்வகையினது?' எனக்குத் தெரிந்த மரை ஒன்றுதான். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கிறுக்குப் பிடித்தவனை 'மரை கழண்டவன்' என்போம். சிலிண்டருக்கு எப்படிக் கிறுக்குப் பிடிக்கும்? பாதிக் கேள்விகள் இந்த லட்சணத்தில் இருந்தன. எல்லாவற்றுக்கும் 'இவற்றுள் எதுவுமில்லை' என்று அமுக்கிவிட்டு எழுந்து வந்தேன்.

தேராவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஷாகுல் காக்காவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். காயல்பட்டினத்துக்காரர், எங்கள் வேன் சாமான் எல்லாம் அவர் கடையில்தான். அவர் பித்தளை நட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் சுண்டுவிரலைப் பிடித்து அதன் உள்பக்கம் தடவவிட்டார். "ஓய், மரைன்னா இந்தச் சூடிதாம்வே. உமக்குக் கழண்டு போச்சுன்னு கேம்ப்பே பேசிக்கிடுதே, அது வேற."

ரிப்போர்ட்டில் எழுதாதது

விடிந்து டூட்டி முடிகிற நேரத்தில் ஷார்ஜா முவைலாவில் ஒரு ஃபிளாட்டிலிருந்து போன். அடுப்படி முழுக்க கேஸ் வாடையாம். போனால் சென்னைக் குடும்பம். அந்த அம்மா ஜன்னலைத் திறந்து, வால்வை அடைத்து, சுவிட்சு எதையும் தொடாமல் முறையாகத்தான் இருந்தார். "இந்தாப்பா, சீக்கிரம் பாரு. ஸ்கூல் பஸ் வந்துரும்" என்றார். வாடை நிஜமாகவே இருந்தது. சோப்பு நுரை போட்டேன். ஒரு குமிழி வரவில்லை. டிடெக்டரை நீட்டினேன்; அது வாயே திறக்கவில்லை. கடைசியில் மூக்கு போன வழியே போனேன். மேல் அலமாரியில், முந்தின நாள் ஊரிலிருந்து வந்த பையில், மூடி சரியாக மூடாத ஒரு டப்பா. உள்ளே அரைக்கிலோ கட்டிப் பெருங்காயம்.

கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது, லீக்கானால் தெரியட்டும் என்று ஒரு கந்தகச் சரக்கைக் கலக்கிறார்கள் என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன். பெருங்காயத்திலும் கந்தகம் உண்டு, இரண்டும் ஒருவகையில் பங்காளிகள் என்று என் புதுப் படிப்பை அங்கேயே அவிழ்த்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. உள்அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். 'இந்தாப்பா'வும் போய்விட்டது. "சார், ப்ளீஸ், ரிப்போர்ட்ல பெருங்காயம்னு மட்டும் எழுதிடாதீங்க. எங்க வீட்டுக்காரர் சேஃப்டி ஆபீசர்."

குழாய்க்குப் பேதி

இனித் தமிழை நம்பிப் பிரயோஜனமில்லை என்று இரண்டாவது தடவை இங்கிலீஷில் எழுதினேன். பழைய பாக்கெட் அகராதி ஒன்றை வைத்துச் சொல் சொல்லாக மனப்பாடம். 'புது லைனில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் முதலில் செய்ய வேண்டியது எது?' என்று ஒரு கேள்வி. நாலு விடையில் ஒன்று 'பர்ஜ்'. அகராதிப்படி அதற்கு அர்த்தம் பேதிக்குக் கொடுத்தல். குழாய்க்குப் பேதி மருந்து கொடுப்பானா எவனாவது? நம்மை மாட்டிவிடத்தான் போட்டிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போனேன். குழாய்க்குள் அடைபட்ட காற்றை வெளியேற்றுவதற்குத்தான் அந்தப் பெயர் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் 'ஹவா நிகால்' என்போம். தினமும் செய்கிறேன், தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன், தூக்கம் என்று ஒன்று வந்தால். இரண்டே மார்க்கில் போனது.

அன்று சாயங்காலம் என் மனைவி செல்விக்கு போன் செய்து பேதிக் கதையைச் சொன்னேன்.

"இன்னொரு தடவ இருக்குல்லா?" என்றாள்.

"இருக்கு. அதான் கடைசி."

"அதுவும் போச்சுன்னா?"

"ஊருக்கு அனுப்பிருவாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்புறம் அவளுடைய வழக்கமான குரல் வந்தது. "சரி, குழாய்க்குப் பேதி நிக்கட்டும். நீங்க மொதல்ல டூட்டில புரோட்டா திங்கிறத நிறுத்துங்க."

வலம் சுற்றிய சமையல்காரர்

கேம்ப் மெஸ்ஸில் கருப்பையா அண்ணன் சமையல். ராமநாதபுரத்துக்காரர், கை பலம் ஜாஸ்தி. ஒரு மத்தியானம் என்னை வந்து உலுக்கினார். புது சிலிண்டர் மாட்டினாராம், லேசாக வாடை வந்ததாம், இறுக்கினாராம். இறுக்க இறுக்க வாடை கூடுகிறதாம். லுங்கியோடு ஓடினேன். நல்லவேளை, அடுப்பு எதுவும் எரியவில்லை. வால்வை மூடிவிட்டு நட்டைப் பார்த்தேன். உல்டா சூடி. மனிதர் வலது பக்கம் திருகி, இறுக்குவதாக நினைத்து, மொத்தத்தையும் கழற்றி வைத்திருக்கிறார். நட்டின் மூலைகளில் சின்னதாக வெட்டு இருக்கும், அது இருந்தால் இடது பக்கம்தான் என்று தொட்டுக் காட்டி, ஒரே திருகில் அடக்கினேன்.

அவருக்கு ஏற்கவே மனமில்லை. வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு அந்த நட்டையே முறைத்தார். "வலம் சுத்துனா சாமியே எறங்கி வருது தம்பி, இந்த நட்டு வரமாட்டேங்குதே!"

மூன்றாவது தடவை, எந்த மொழியிலும் இல்லாமல்

கருப்பையா அண்ணன் செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். வேலை தெரியும், திருகிய பக்கம்தான் தப்பு. நோட்டு வாங்கி மூன்று பத்தி கட்டினேன்: கேம்ப் பேச்சு, புத்தக இங்கிலீஷ், அசல் தமிழ். உல்டா சூடி, லெஃப்ட் ஹேண்ட் த்ரெட், இடது மரை. இப்படி இருநூறு சொல். குல் கானே மேல்தட்டிலிருந்து தலையைத் தொங்கவிட்டுக் கேள்வி கேட்பான். எழுத்துப் பரீட்சையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டேன். அன்றைக்கே நேர்முகம். அதில் கோட்டைவிட்டால் கலாஸ், கதை முடிந்தது, நேரே ஏர்போர்ட்டுதான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நரைத்த மீசையோடு ஓர் அரபி அதிகாரி. முன்னால் ஒரு சிலிண்டர். ஸ்பானரை எடுத்து நட்டை வலது பக்கம் திருகிக் காட்டி, இது ஏன் இறுகவில்லை என்று இங்கிலீஷில் கேட்டார். ஆறு மாதம் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்தி, "சார், லெஃப்ட் ஹேண்ட் த்ரெட்" என்றேன். என் உச்சரிப்பில் அவருக்கு முதல் பாதிதான் விளங்கியதோ என்னவோ, தலையாட்டிவிட்டு ஸ்பானரை இடது கைக்கு மாற்றி, மறுபடியும் வலது பக்கமே திருகினார். "நோ சார், நோ ஹேண்ட், த்ரெட்!" என்றேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரை சார், மரை" என்று தமிழும் வந்துவிட்டது. கோவில்பட்டி, செல்வி, பெட்டி கட்டுவது எல்லாம் கண்முன் ஓடியது. எல்லா மொழியும் கைவிட்ட பிறகு, எழுந்து போய் அவர் விரலைப் பிடித்து நட்டின் மூலை வெட்டில் வைத்தேன். ஸ்பானரை வாங்கி இடது பக்கம் ஒரு திருகு திருகினேன். அவர் மீசைக்குள் சிரித்தாரா, முதலிலிருந்தே சிரித்துக்கொண்டுதான் இருந்தாரா, இன்றுவரை தெரியாது. எங்கள் சைட் பாஷையிலேயே சொன்னார்: "அரே பாய், உல்டா சூடி போலோ நா! கலாஸ், பாஸ்."

இரண்டு பேர் கட்டில்

லைசென்ஸ் அட்டை வந்தது. போட்டோவில் நான்கூடக் கொஞ்சம் தூங்கியவன் மாதிரி இருக்கிறேன். வர்கீஸ் சார் அட்டையை மோந்து பார்த்துவிட்டு, "லீக் இல்ல" என்று கையில் தந்து, விசா புதுப்பிக்கிற ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்னும் இரண்டு வருஷம். குல் கான் மூட்டைப்பூச்சிகளின் சார்பில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

செல்விக்கு போன் போட்டு, "பாஸாயிட்டேன்" என்றேன். சந்தோஷம் என்றாள். மறுபடி ஒருமுறை சந்தோஷம் என்றாள். பிறகு, முன்பு வந்த அதே சத்தமில்லாத நேரம். இந்தத் தடவை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கவில்லை. லைன் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "நீங்க வந்துருவீங்கன்னு நாந்தான் அவசரப்பட்டு ஆசாரிகிட்ட ரெண்டு பேரு படுக்கிற கட்டிலா செய்யச் சொல்லிட்டேன். இருக்கட்டும், கட்டில் எங்க போயிரப் போகுது."

இருபத்திரண்டு வருஷ அனுபவத்திலும் மூன்று பரீட்சையிலும் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: சரியான பக்கம் பார்த்துத் திருகினாலும், இங்கே ஒன்று இறுகும்போது அங்கே ஒன்று கழலத்தான் செய்கிறது.