பதில் வரும் நேரம்

தாலி கட்டும் நேரத்தில் அக்காவின் பேஜர் என் கைப்பைக்குள் இருந்தது. கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்ததால் அது அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. மடியில் வைத்திருந்த பை அதிர்ந்ததை வைத்துத்தான் எனக்கே தெரிந்தது. மணவறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அக்கா அப்போது பார்த்து நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். என் முகம் மாறியது அங்கிருந்தே தெரிந்திருக்க வேண்டும். நான் எழுந்து, செருப்பைக் கூடத் தேடாமல் கோயில் அலுவலகத்துக்கு ஓடி, அங்கிருந்த போனில் தொழிற்சாலையைக் கூப்பிட்டேன். தேங்கி நின்ற மின்னஞ்சல்கள் தாமாகவே நகர ஆரம்பித்துவிட்டதாக அங்கே இருந்தவர் சொன்னார். நான் மண்டபத்துக்குத் திரும்பியபோது தாலி ஏறியிருந்தது. அக்கா புருவத்தை உயர்த்தினார். ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. புகைப்படக்காரர் அந்த நொடியைத்தான் பிடித்தார். தாலி ஏறிய சந்தோஷம் முகத்தில் எப்படித் தெரிகிறது பார் என்று உறவினர்கள் அந்தப் படத்தைக் காட்டிச் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஜுருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கணினிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் ஊரில் பலருக்கு மின்னஞ்சல் என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் தொழிற்சாலையிலோ அது இல்லாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது. அக்காவுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பம். அப்பா அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் இறந்தபின் தீவில், டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். என் வீடும் அதே பக்கம். காலையில் ஒன்றாக பஸ் ஏறி, ஃபெரியில் அக்கரைக்குப் போய், அங்கே நிற்கும் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிப்போம்.

நாங்கள் வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சர்வருக்காகக் குளிரூட்டி நாள் முழுக்க ஓடும். வெளியே பினாங்கு வெயில் கொளுத்தும்போது நாங்கள் உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மழை பெய்தால்கூடச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். வெளிநாட்டில் இருந்த தலைமையகத்திலிருந்து அஞ்சல் தாமதமானால் உடனே எங்களைத்தான் கேட்பார்கள். அதற்காக அக்கா ஒரு நிரல் எழுதினார். எங்கள் சர்வரிலிருந்து ஒரு சிறு அஞ்சல் தலைமையகத்துக் கணினிக்குப் போகும். அங்கே போய்த் தொட்டதும் தானாகத் திரும்பி வரும். போய்வர எவ்வளவு நேரம் ஆனது என்று திரையில் ஒரு வரி விழும். சற்று நேரத்தில் அடுத்த அஞ்சல் கிளம்பும். ஏதாவது ஒன்று திரும்பாவிட்டால் மோடம் தானே எண்ணைச் சுழற்றி அக்காவின் பேஜரை அடிக்கும். மற்றவர்கள் புகார் சொல்வதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் நினைத்தது. முதல் முறை அது சரியாக வேலை செய்தபோது எனக்கு நாசி கண்டார் கடையில் கறிச்சோறு வாங்கிக் கொடுத்தார்.

மேலாளருக்கு அந்த நிரல் மிகவும் பிடித்துவிட்டது. சீக்கிரமே அது விதியாகிவிட்டது: பேஜர் அடித்தால் அக்கா எங்கிருந்தாலும் உடனே கூப்பிட வேண்டும். பசாரில் மீன் வாங்கும்போது அடிக்கும். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது அடிக்கும். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருக்கும்போதும் ஒரு தடவை அடித்தது. பொதுத் தொலைபேசி எந்த மூலையில் இருக்கிறது, எது கெட்டுக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. போன் இல்லாத இடங்களுக்குப் போவதையே நாளடைவில் நிறுத்திக்கொண்டார். கொடிமலைக்குப் போகலாம் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். வந்ததே இல்லை.

ஃபெரி மட்டும் விதிவிலக்கு. அதில் போன் கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நிற்பார். "இங்க மட்டும்தான் லா என்னை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது," என்றார் ஒருநாள். "அடிச்சாலும் எங்க ஓடுறது? கடல்ல குதிக்கவா?" அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவர் வேலையைத் தவிர வேறெதையாவது பேசுவார். ஈப்போவில் ஆசிரியராக இருக்கும் ஒருவர் பெண் பார்க்க வந்து போனதை என்னிடம் சொன்னதும் ஃபெரியில்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனி அவருக்கு ஒரு ஹேண்ட்போன் கொடுத்தது. அப்போது அதை வைத்திருந்தவர்கள் பெரிய மனிதர்கள். பரிசு போலவே கைகுலுக்கிக் கொடுத்தார்கள். "பெரிய ஆளாயிட்டீங்க அக்கா," என்று நான் கேலி செய்தேன். அவர் அதைக் கையில் எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே ஃபெரியும் போச்சு," என்றார். அந்த வாரமே அது ஃபெரியில் அடித்தது. காற்றிலும் எஞ்சின் இரைச்சலிலும் ஒன்றும் கேட்காமல், கீழ்த்தளத்துக்குப் போய் இரண்டு கார்களுக்கு நடுவே குனிந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவர் பேசியதை மேலே நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு கம்பிப் பக்கம் அவர் வருவது குறைந்துபோனது.

கணவர் ஈப்போவில், இவர் பினாங்கில். வாரக் கடைசியில் அவர் பஸ் ஏறி வருவார். வேலையிலிருந்து விடுவிக்கும்படி அக்கா கேட்டபோது, பதில் ஆள் கிடைக்கட்டும் என்றார் மேலாளர். வந்த ஒருவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். இன்னொருவர் அந்தப் பேஜரைப் பார்த்தே ஓடினார். இடையில் அக்கா கர்ப்பமானார். அலைச்சல் கூடாது என்று டாக்டர் சொன்னதும், கம்பெனி அவருடைய படுக்கையறையிலேயே ஒரு கணினியையும் மோடத்தையும் கொண்டுவந்து வைத்தது. அலங்கார மேசையின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதன்மேல்தான் வைத்தார்கள். கட்டிலில் படுத்தால் எதிரே பச்சை எழுத்துகள் வரிவரியாக விழுந்துகொண்டிருக்கும். அவர் கணவர் கோபப்படாத மனிதர். நான் போயிருந்த ஒரு சனிக்கிழமை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே, "நான் பஸ் ஏறி வர்றது ஒன்னப் பாக்கவா, இதப் பாக்கவா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கா தேநீர் போட எழுந்து போனார்.

விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று இன்று யாரும் கேட்கலாம். அப்போது அது எங்களுக்குத் தோன்றவில்லை. தான் போனால் எல்லாம் நின்றுவிடும் என்று அக்கா நம்பினார், நானும் நம்பினேன். பொறுப்பை ஒப்படைக்காமல் வேலையை விட்டவர்களைப் பற்றி அவர் அப்பா ஏதோ குற்றவாளிகளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். "பொறுப்ப எடுத்துக்கச் சொல்லி என்கிட்ட ஏன் நீங்க கேக்கவே இல்ல?" என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். கேட்டுவிடுவாரோ என்று உள்ளுக்குள் பயம்தான். "ஒன் கழுத்துல மாட்டுறதுக்கு என் கழுத்துலயே இருக்கட்டும்," என்றார்.

டாக்டர் தந்த ஓய்வு முடிந்து, கால் வீக்கத்தோடு அவர் மறுபடி வேலைக்கு வந்த சமயம் மேலாளர் அறையிலிருந்து ஒரு புகார் வந்தது. தலைமையகத்து அஞ்சல்கள் அவருக்கு நாள்கணக்கில் தாமதமாக வருகின்றனவாம். அக்காவின் நிரலோ ஒரு குறையும் காட்டவில்லை. போன அஞ்சலெல்லாம் உடனுக்குடன் திரும்பிக்கொண்டிருந்தது. தான் எழுதியதில்தான் ஏதோ கோளாறு என்று அக்கா முடிவுகட்டி, ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்த்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான்தான், மேலே போய் அந்தக் கணினியையே பார்த்துவிடலாம் என்று அவரைக் கிளப்பினேன்.

மேலாளர் அறைக்கு வெளியே அவருடைய செயலாளரான மலாய்ப் பெண்மணி இருந்தார். நாங்கள் அவரைக் காக் என்போம்; மலாயில் அக்கா என்று பொருள். என்ன கோளாறு என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். துவான், அதாவது மேலாளர், கணினியைத் திறப்பதே இல்லையாம். வரும் அஞ்சல்களையெல்லாம் காக்தான் காலையில் அச்செடுத்து மேசைத் தட்டில் வைப்பாராம். அவர் நேரம் கிடைக்கும்போது படிப்பாராம். போன வாரத்திலிருந்து பிரிண்டர் சிக்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் தாமதம்.

அக்கா நேரே பிரிண்டரிடம் போனார். அதைத் திறந்து, உள்ளே கசங்கியிருந்த தாளை இழுத்து எடுத்து, மறுபடி ஓட விட்டார். தேங்கியிருந்ததெல்லாம் கரகரவென்று வர ஆரம்பித்தது. அதைத் தட்டில் வைக்கக் காக்கோடு நாங்களும் உள்ளே போனோம். தட்டில் ஏற்கெனவே ஒரு கத்தை இருந்தது. அதன் மேலே தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை. பாதிக்குக் கீழே, ஒரு தாளின் ஓரத்தில் அக்காவின் பெயர் தெரிந்தது. விடுவிக்கச் சொல்லி அவர் இரண்டாம் முறை மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதியது. கர்ப்பத்தைப் பற்றிச் சொல்லி எழுதியது. மடிப்புக்கூட விழாமல் அப்படியே இருந்தது. அதற்குப் பதில் வருகிறதா என்று அவர் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

அவர் காக்கின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். "நல்ல வேகமாத்தான் லா வந்திருக்கு," என்றார். "நம்ம வேலையில ஒரு குறையும் இல்ல." சற்றுப் பொறுத்து, "நீ கீழ போ. நான் அவரப் பாத்துட்டு வர்றேன்," என்றார்.

நான் போகவில்லை, கதவோரம் நின்றேன். மேலாளர் வந்ததும் அக்கா எழுந்து நின்று, இந்த மாதத்தோடு தான் போவதாக ஆங்கிலத்தில் சொன்னார். குரல் உயரவில்லை. பதில் ஆள் விஷயமாக எழுதிக் கொடுங்கள் என்றார் அவர். எழுதியது தட்டில் இருக்கிறது என்றார் அக்கா. மேலாளர் தட்டைப் பார்த்தார். பிறகு, சரி என்றார். அத்தனை மாதம் நடக்காத காரியம், ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

அன்று மாலை அவர் வீட்டுக்கு நானும் போனேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொறுப்பை ஒருத்தரிட்டக் குடுத்திட்டுத்தான் போகவேணும், பிள்ளை," என்றார். "குடுக்கப் போனேன் அப்பா," என்றார் அக்கா. "வாங்குறதுக்கு அங்க ஆள் இல்ல." மாதக் கடைசியில் அப்பா, மகளின் பெரிய பெட்டியை வேறு யாரையும் தூக்க விடாமல் தானே தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த் பஸ் நிலையத்துக்கு வந்தார். அடுத்த சில மாதங்களில் வீட்டைப் பூட்டிவிட்டு அவரும் ஈப்போவுக்குப் போனார். பேத்தி பிறந்திருந்தாள்.

பேஜரும் ஹேண்ட்போனும் என்னிடம் வந்தன. மறுக்கும் நிலையில் நான் இல்லை. என் அப்பா நோயில் படுக்கையில், தம்பி படிப்பில். அக்கா இல்லாமல் எதுவும் நின்றுவிடவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்குப் பல நாள் மனம் வரவில்லை. சொன்னபோது, "நெனச்சேன்," என்று மட்டும் சொன்னார். அடுத்து வந்த வருடங்கள் என்னுடையவை: பசாரில், கோயிலில், மருத்துவமனை வராந்தாவில் என் இடுப்பில் அது அடித்தது. இப்போது எல்லோர் கையிலும் அப்படி ஒன்று இருக்கிறது. தட்டில் சோறு இருக்கும்போதே எடுத்துப் பார்க்கிறார்கள், என் மகனும்தான். அவனிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை.

பொறுப்பு என் கைக்கு வந்த முதல் வருடமே மேலாளர் என்னைக் கூப்பிட்டார். என் வீட்டிலும் கணினியும் மோடமும் வைத்துவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும் என்றார். அந்தப் படுக்கையறை மேசை என் கண்ணுக்குள் வந்தது. மோடத்துக்குத் தொலைபேசி இணைப்பு வேண்டும். எங்கள் வீட்டில் இணைப்பு இல்லை என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். என் வீட்டுத் தொலைபேசி எண் என்னுடைய பணிக் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது, அந்தக் கோப்பும் அவர் மேசைமேல் மூடியபடி இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. பாவம், இந்தக் காலத்திலும் போன் இல்லையா என்று கேட்டுவிட்டு என்னை அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் போன் அடித்தது. ஈப்போவிலிருந்து அக்கா. பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"என்ன செய்ற? வேலையா இருக்கியா?" என்றார்.

"இல்லக்கா," என்றேன். "வீட்டுல."