மூடிகளை இறுக்கச் சொன்ன நாள்

1991 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன். சவரம், குளியல், மூன்று இட்லி. ஏழு நாற்பது பஸ்ஸுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தபோது மனைவி கதவைத் தாழிட்டிருந்தாள்.

"கழட்டுங்க. நம்ம வரிசையில ஒருத்தரும் போகல."

காவிரிக் கலவரம் மூண்டிருந்தது. பெங்களூர் ஜீவனஹள்ளியில் தமிழ் வீடுகளின் ஜன்னல்கள்கூட மூடியிருந்தன.

ஆய்வகத்தில் என் பொறுப்பில் இரண்டு குடுவைகள் இருந்தன. பொம்மனஹள்ளித் தமிழ்த் தொழிலாளி ஒருவரின் நான்கு வயது மகளின் முன்கையில் எடுத்த தோல்துணுக்கு, அவற்றில் செல்களாகப் பெருகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கழிவைச் சிதைக்கும் லைசோசோம் என்ற நுண்பைகள் உண்டு. அவற்றில் இருக்க வேண்டிய ஏதோ ஒரு நொதி அவளுக்கு இல்லை. கழிவு தேங்கத் தேங்க முதலில் நடை போயிற்று, பிறகு பேச்சு. நவம்பரில் இறந்துபோனாள். எந்த நொதி என்று தெரிந்தால்தான் தாயின் வயிற்றிலிருக்கும் அடுத்த குழந்தையைச் சோதிக்க முடியும். அவளுக்கு மூன்றாம் மாதம். மறுபடி தோல் எடுக்க மகள் இல்லை.

வியாழனன்றே ஒரு பங்கை மாற்றுக்கென உறைய வைத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் பெருகட்டும் என்று ஒரு நாள் தள்ளிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் போனைத் தந்தார். "ஸ்வல்ப மெதுவா பேசுங்க சார். ரோட்டுல ஆளுங்க நிக்கிறாங்க."

ஆய்வகத்தில் போனை எடுத்த காவலாளி கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். மாற்று ஆள் வராமல் முந்தின நாளிலிருந்து அங்கேயே சிக்கியிருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "சிலிண்டர் முள்ளு சைபர்ல கீது சார்."

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் திரவம் தீரும்வரை அழுத்தம் காட்டும் முள் அசையாது. தீர்ந்ததும் ஒரேயடியாக விழும். இது தெரிந்தும், தினமும் அதே எண்ணைத் தேதியிட்டு எழுதி வந்தேன். அன்று வரவேண்டிய புதுச் சிலிண்டர் இனி வராது. குடுவைகள் இருக்கும் வெப்பப் பெட்டிக்குள் அந்த வாயு பாயாவிட்டால் செல்களுக்கு மேல் நிற்கும் ஊட்டநீர் காரமாகிவிடும்.

"தண்ணி என்ன கலர்?"

"ரோஸு. லேசா ஊதா அடிக்குது."

ஊதா என்றால் காரம் ஏறுகிறது; தளர்த்தி வைத்த மூடிகளை இறுக்கினால் மிச்ச வாயுவாவது உள்ளே நிற்கும்.

"கையை ஸ்பிரிட்ல தொடச்சுக்கிட்டு ரெண்டு மூடியையும் இறுக்குங்க. குடுவையைச் சாய்க்காதீங்க."

"இறுக்குனா அதுங்களுக்கு மூச்சு முட்டாதா?"

"உள்ள இருக்கிற காத்து ஒரு நாளைக்குப் போதும்."

"சுரங்கத்துல எங்களுக்கும் இதத்தான் சார் சொன்னானுங்க."

திரும்பி வர ஏழு நிமிடம் ஆயிற்று. "ஒன்னு சரியா இறுக்கிட்டேன். இன்னொன்னு கொஞ்சம் சாஞ்சிட்ச்சு. தண்ணி மூடியத் தொட்டுட்ச்சு சார்."

நனைந்த மூடி வழியாகக் கிருமி இறங்கும். "பரவால்ல," என்றேன். நானே போயிருந்தால் அதைத் துடைத்து, மூடியை மாற்றி, மருந்து சேர்த்திருப்பேன். ஆறு மைல் தூரம். அன்று முழுவதும் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். பொம்மனஹள்ளியில் அந்தக் கணவனும் மனைவியும் எந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தார்களோ.

சனிக்கிழமை எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். மணி ஐந்து ஐம்பது.

"ஒன்னு மோருத்தண்ணி மாதிரி கலங்கிக் கீது," என்றார் காவலாளி. "இன்னொன்னு ரோஸாதான் கீது. உசுரோட கீதா சார்?"

"மைக்ராஸ்கோப்புல பாக்காம சொல்ல முடியாது."

கிருமி ஏறிக் கலங்கியதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடச் சொன்னேன். மற்றதைத் தொட வேண்டாம் என்றேன்.