இன்ஜெக்டர் அடியில் சோப்பு நுரை

வீடுகளில் குடிநீர் ஃபில்டர் மெஷின் பழுதுபார்ப்பது என் தொழில். கே.கே. நகரில் பாதி அடுப்படிகளுக்குள் நுழைந்திருக்கிறேன். எந்த மூட்டில் தண்ணீர் கசிந்தாலும், அளவான ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு நிறுத்திவிடுவேன். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் எங்கள் டர்போ காரிலும் கை வைத்தேன்.

எங்கள் கார் என்பதைவிட என் மனைவியின் கார் என்பதுதான் சரி. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு அலுவலக வேலை. நாற்பது வயதுக்கு மேல் ஓட்டப் பழகி, மேலூர் ரோட்டில் தினமும் தனியாகப் போய்வந்தாள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்கள் மூன்றையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். கீழ் வளையங்கள் காய்ந்து வெடித்திருந்தன. என் தொழில் பெட்டியைத் திறந்து பார்த்தால், தண்ணீர் ஃபில்டருக்குப் போடுகிற வளையம் அச்சு அசலாக அதே அளவு. மூன்றிலும் மாட்டினேன். சாவியைத் திருகியதும் எஞ்சின் சமர்த்தாக ஓடியது. என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறை.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவள் முகம் வெளிறிப்போய் வந்து நின்றாள்.

“லாரிய முந்தப் போனேங்க. ஆக்சிலேட்டர நல்லா அமுக்குனேன். வண்டி போகவே இல்ல. எதுத்தாப்ல பஸ்ஸு வந்துருச்சு.”

லாரிக்காரர் பிரேக் போட்டு இடம்விட்டதால் பிழைத்து வந்திருக்கிறாள். நான் உடனே காரை எடுத்து எங்கள் தெருக்களில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஒரு குறையும் தெரியவில்லை.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. நீ பயந்துபோயி பாதிதான் அமுக்கிருப்ப” என்றேன். அவளுடைய அண்ணனும் போனில், “ஒனக்கு எதுக்குத்தா இந்த வேல, பேசாம பஸ்ல போ” என்றார். இரண்டு ஆம்பளைகள் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டோம். மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். ஒரு மாதம் போனதும், “எனக்கு வராதுபோல. வித்துருங்க” என்றாள்.

விற்பதற்குமுன் யாரிடமாவது காட்டலாம் என்று செல்லூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் என்னைவிடப் பத்து வயது இளையவர். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் பேச்சே கேட்காது, கத்தித்தான் பேசவேண்டும். அவர் காரை ரிங் ரோடு வரை ஓட்டிவிட்டு வந்தார்.

“அண்ணே, டர்போ அமுக்குற காத்து எங்கயோ ஓடிப்போகுது. மெதுவாப் போனா தெரியாது. மிதிச்சாத்தான் தெரியும்.”

எனக்கு அங்கேயே சுருக்கென்றது. நான் ஓட்டிப் பார்த்தது தெருவுக்குள், அதுவும் மாட்டுவண்டி வேகத்தில்.

அவர் டர்போவுக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு பிளாஸ்டிக் மூடியால் அடைத்தார். மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பதித்திருந்தார். அது வழியாக கம்ப்ரசரில் இருந்து கொஞ்சமாகக் காற்றை ஏற்றிவிட்டு, குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். எங்கும் அசைவில்லை. நடு இன்ஜெக்டரின் அடியில் தெளித்ததும் ஒரு குமிழி எழுந்தது. அதன்மேல் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை பொங்கி வழிந்தது.

எத்தனையோ வருடமாகத் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தவன் நான். காற்று ஒழுகுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எஞ்சின் வேண்டாமென்று தள்ளுகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சக்கரம் வெளிக்காற்றைப் பிடித்து உள்ளே திணிக்க, அந்த பலத்தில்தான் ஒரு கார் லாரியை முந்துகிறது. அத்தனை பலமும் தலைமுடி நுழையாத ஒரு சந்தில் போய்க்கொண்டிருந்தது.

இன்ஜெக்டரை வெளியே எடுத்தார். என் வளையம் பெட்ரோலில் ஊறி உப்பி, ஓரம் பிய்ந்து தொங்கியது.

“யாருண்ணே இத போட்டது?”

“வேற ஒரு எடத்துல...” என்று இழுத்தேன். அவர் என் சட்டைப் பையில் இருந்த கம்பெனி பேட்ஜைப் பார்த்தார். அதில் தண்ணீர்ச் சொட்டுப் படம் போட்டிருக்கும். “நான்தான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “நல்லவேள, மேல போடாம விட்டீங்க. மேல் வளையம் பெட்ரோலையே தாங்குறது. அது இப்பிடிப் பிஞ்சிருந்தா, கொதிக்கிற எஞ்சின் மேல பெட்ரோல் பீச்சிருக்கும்.”

மேலே நான் போடாததற்குக் காரணம் அறிவு அல்ல. அந்த அளவு என் பெட்டியில் தீர்ந்துபோயிருந்தது. இருந்திருந்தால் போட்டிருப்பேன். அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்ரோலுக்கென்றே வருகிற வளையங்களை மேலும் கீழுமாக ஆறு இடத்திலும் போட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி, முறுக்காமல் நேராக இறக்கினார். மறுபடி காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஈரம் அப்படியே கிடந்தது, ஒரு குமிழிகூட இல்லை. இம்புட்டு அழகான ஒன்றுமில்லாததை நான் பார்த்ததேயில்லை.

வீட்டுக்கு வந்து எதையும் மறைக்காமல் சொன்னேன். மேல் வளையத்தையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்ப நான் முழுசாத்தான் அமுக்கிருக்கேன்” என்றாள்.

“ஆமா.”

“நீங்க சொன்னதுல இருந்து, நான்தான் பாதி அமுக்குனேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். என் காலு பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்.”

தன் கால் சொன்னதைத் தள்ளிவிட்டு, இத்தனை நாளும் என் பேச்சை நம்பியிருக்கிறாள். எதிரே பஸ் வந்தபோது அந்தக் கால் முழுதாக அழுத்தியிருந்தது.

“எங்கண்ணனுக்கு போன் போடுங்க” என்றாள். “எனக்கு முன்னால சொல்லுங்க. வளையம் போட்டது யாருன்னும் சொல்லுங்க.”

போட்டேன். அவள் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.