நானும் வீடும்

எங்கள் ஹோல் சுவரில் முப்பது வருடங்களாக ஒரு வீடு தொங்கியது. சிவப்புச் செங்கல் வீடு. இரண்டு வரிசையாக, உச்சி வளைந்த உயரமான யன்னல்கள். கூரை விளிம்பெல்லாம் கல் வேலைப்பாடு. வாசல் கதவை முழுவதும் மறைத்துக்கொண்டு நீண்ட கோட்டுடன் ஓர் இளைஞன் நிற்கிறார். அவர் என் மனைவியின் அண்ணன். பின்னாலுள்ள புகைக்கூடு அவருடைய உச்சந்தலையில் முளைத்து நேரே வானத்துக்குப் போவதுபோல் விழுந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே படத்தில் இல்லை. படத்தின் பின்பக்கம் நீல மையில் அவருடைய கையெழுத்து: "நானும் வீடும்."

படம் இங்கிலாந்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய், என் மாமியாரின் கையில் அயலெல்லாம் சுற்றியது. எனக்குப் பெண் பார்த்தபோது என் அம்மா தொலைபேசியில் சொன்னது இதுதான்: "பொம்பிளை வடிவு. தமையன்ர வீடு அதைவிட வடிவு." பிறகு மனைவியின் சூட்கேசில் சேலைகளுக்கு நடுவே சுவிஸில் பேர்ண் நகரத்துக்கு வந்து, எங்கள் சுவரில் ஏறியது.

மாமியார் படத்தைப் பார்த்தே அறைகளைப் பிரித்து வைத்திருந்தார். மனைவி அந்தப் பிரிவினையை ஒரு யன்னலும் பிசகாமல் காப்பாற்றினார். விருந்தினர் வந்தால் விரலால் தொட்டுக் காட்டுவார்: கீழே இடப்பக்கம் குசினி, அதற்கடுத்தது சாப்பாட்டறை, மேலே நடுவில் பெரிய யன்னல் சாமியறை. "லண்டனில அண்ணையின்ர முதல் வீடு" என்பார். அந்த ஊர் லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் வடக்கே இருக்கிறது. இதை நான் திருத்தும் ஒவ்வொரு முறையும் "லண்டன்தானே" என்று பதில் வரும்.

அண்ணன் இப்போது இருப்பது அதே ஊரில், இரண்டு பக்கமும் அயல் வீடுகள் ஒட்டிய சின்ன வீட்டில். அங்கே போய் வந்திருக்கிறோம். பெரிய வீடு என்ன ஆனது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அதற்கும் மாமியாரே பதில் செய்து வைத்திருந்தார்: "தனிமனிசன், அவ்வளவு வீட்டை ஆர் கூட்டுறது? வித்துப்போட்டான்."

அண்ணனுக்கு அறுபது வயது வந்தது. கூடப்பிறந்தவர் என் மனைவி ஒருவர்தான். ஆகவே விழா பேர்ணில் நாங்கள் இருக்கும் பூம்ப்ளிஸில் என்று அவரே முடிவெடுத்து, மண்டபமும் பிடித்துவிட்டார். வாசலில் இந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெருப்பித்து வைக்க வேண்டும் என்றார். இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் அண்ணனின் ஊரிலிருந்தே.

எந்தப் படமானாலும் கீழே இடமும் ஆண்டும் எழுதுவது என் வழக்கம். இடம் எழுதாத படம் எனக்கு விலாசமில்லாத பார்சல் மாதிரி. ஆண்டு தெரியும், ஊர் தெரியும், தெருதான் தெரியாது. அண்ணனிடம் கேட்டேன்.

"அது ஸ்டேஷனடியில எங்கேயோ, மச்சான். விடுங்கோ. வடை ஆர் போடுறது?"

ஒருவர் தான் குடியிருந்த தெருவை மறப்பாரா? எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பழைய படங்களைப் போட்டு நினைவுகளைப் பேசிக்கொள்ளும் ஒரு பக்கத்தை இணையத்தில் கண்டுபிடித்தேன். மூடிப்போன இறைச்சிக்கடை, வெள்ளம் வந்த வருடம், பள்ளிக்கூட வகுப்பு, பஸ் வண்டிகள். பஸ் வண்டிகள் ஏராளம். எங்கள் கட்டடத்தின் பொது மெஷினில் யார் எந்த நாள் துணி துவைப்பது என்பதைப் பற்றி எவ்வளவு தீவிரமாகச் சண்டை பிடிப்பார்களோ, அவ்வளவு தீவிரமாக அங்கே பஸ்ஸின் நிறத்தைப் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒழுங்கான மனிதர்கள் என்று எனக்குப் பட்டது. படத்தைப் போட்டு, இந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டேன்.

முதல் பதில்: "இது வீடில்லை. பம்ப் ஹவுஸ்."

இரண்டாவது பதில் விளக்கமாக இருந்தது. ஊரின் மலசலகூடங்களிலிருந்து வரும் தண்ணீர் முழுவதும் பள்ளத்தில் வந்து சேர்ந்து, இந்தக் கட்டடத்திலிருந்த இயந்திரங்களால் மேட்டுக்கு இறைக்கப்பட்டதாம். அந்தக் காலத்து நகரசபைக்கு அதில் பெருமை அதிகமாம். அதனால்தான் இவ்வளவு அலங்காரமாம்.

மூன்றாவது ஆள் கதவு பச்சை என்றார். நான்காவது ஆள் சிவப்பு என்றார். அதன் பிறகு என் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் பார்த்தபோது பச்சைக் கட்சியும் சிவப்புக் கட்சியும் ஒருவருடைய தகப்பனைப் பற்றி மற்றவர் பேசும் கட்டத்துக்கு வந்திருந்தன. ஒருவர் மட்டும் எரிச்சலோடு கேட்டிருந்தார்: "கதவை மறைத்துக்கொண்டு நிற்கும் இந்த ஆள் யார்? அரை அடி தள்ளி நின்றிருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும்."

இன்னொருவர் கட்டடத்தின் வரைபடத்தையே போட்டிருந்தார். நான் அதை எங்கள் படத்தோடு வைத்து யன்னல் யன்னலாக ஒப்பிட்டேன். குசினி, நிலக்கரி போட்டு வைத்த இடம். சாப்பாட்டறை, கழிவுநீரோடு வரும் துணி, கட்டை முதலியவற்றைக் கம்பி வலை போட்டு மறித்த இடம். சாமியறை யன்னலுக்குப் பின்னால் அறையே கிடையாது. அழகுக்கு வைத்த யன்னல்.

கடைசியாக ஒரு பெண்மணி எழுதியிருந்தார். அவருடைய தகப்பனார் அங்கே காவலாளியாக இருந்தவராம். "இது அப்பா எடுத்த படம். அந்தக் கோட்டும் அப்பாவுடையது. இடப்பக்கம் நில்லுங்கள், இல்லாவிட்டால் தலையில் புகைக்கூடு முளைக்கும் என்று படமெடுக்க வருகிறவர்களிடம் எப்போதும் சொல்லுவார். இவர் கேட்கவில்லை போலிருக்கிறது."

பெருப்பிக்கும் கடையில் படம் கொடுத்தாகிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் வாசலில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தால், முப்பது வருடங்களாக யன்னல் காட்டி வந்த மனைவி அன்று எங்கே போய் நிற்பார்? நான் சொல்லாவிட்டால் யாரோ ஒரு விருந்தினர் சொல்லிவிடுவார். அதனால் மனைவியிடம் சொன்னேன். அவர் உழுந்து கழுவிக்கொண்டிருந்தார். மகள் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரும், ஒரு விசயம்."

"என்ன, வடைக்கு வாறன் எண்டவ மாட்டன் எண்டிட்டாவோ?"

"வடை வரும். வீடுதான் வராது போலக் கிடக்கு."

பதில்களையும், வரைபடத்தில் எந்த யன்னல் எது என்பதையும் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்து வாசித்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கழிவுத் தண்ணி எண்டா? குளிச்ச தண்ணியோ?"

"அதுவும்."

"வேற?"

"மற்றதும்."

மகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். "அம்மா, மாமா ஊரின்ர கக்கூசுக்கு முன்னால நிண்டு போஸ் குடுத்திருக்கிறார்!"

"நீ வாயை மூடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களை ஆர் கேக்கச் சொன்னது? முப்பது வருசம் அது வீடாத்தானே இருந்தது. நீங்கள் விலாசம் கேட்டதாலதான் இப்ப கக்கூசாப் போச்சு."

 

உடனே அண்ணனுக்கு எடுத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"அண்ணை, அது உங்கட வீடோ, இல்லையோ?"

"மச்சான் தெருவைத் தேடிக் கண்டுபிடிச்சிட்டாரோ?"

"ஓம். தெருவையும் கண்டுபிடிச்சு, குழாயையும் கண்டுபிடிச்சிட்டார்."

"பிள்ளை, படத்துக்குப் பின்னால என்ன எழுதியிருக்கு?"

"நானும் வீடும்."

"என்ர வீடு எண்டு எழுதினனானோ?"

"இல்லை."

"அந்தக் கட்டடத்துக்கு அவங்கள் வைச்ச பேர் என்ன?"

"பம்ப் ஹவுஸ்" என்றாள் மகள்.

"ஹவுஸ் எண்டா என்ன?"



"வீடு" என்றார் அண்ணனே. "நான் நிக்கிறன், ஹவுஸும் நிக்குது. நானும் வீடும். இதில எங்க பொய்?"

நான் அதை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். இலக்கணத்தில் பிழை பிடிக்க முடியவில்லை. மனைவிக்கு இலக்கணம் போதவில்லை.

"அப்ப அம்மாவுக்கு ஏன் சொல்லேல்லை?"

"அம்மா பதில் கடிதத்தில, மேல் யன்னல் சாமியறையோ எண்டு கேட்டிருந்தா. இல்லையெண்டு நான் என்னெண்டு எழுதுறது? நாங்கள் இருந்தது ஒரு கடைக்கு மேல, ஒற்றை அறை. ஆறு பேர் முறை வைச்சுப் படுத்தம். அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தா அம்மா நித்திரை கொண்டிருப்பாவோ? வேலை முடிஞ்சு வாற வழியில அந்தக் காவல்காரக் கிழவன் கூப்பிட்டு உள்ளுக்க நிக்க விடுவான். வெளியில குளிர், உள்ளுக்க மெஷின் சூடு. நல்ல மனிசன்."

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தக் கோட்டாவது உங்கடையோ?"

"அது கிழவன்ர."

"காலில போட்ட சப்பாத்து?"

"சப்பாத்து என்ர. அதுதான் படத்தில விழாமப் பாத்துக்கொண்டனான்."

மனைவிக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எழும்பிப் போய் மீண்டும் உழுந்து கழுவினார். அது ஏற்கெனவே கழுவிய உழுந்து.

அன்றே படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். பெருப்பித்த படம் வந்ததும் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். விழா நாள் காலையில், தலைவாரிக்கொண்டே சொன்னார்: "கொண்டு போய் வாசலில வையுங்கோ. அவர் அம்மாவுக்கு அனுப்பின படம், ஒளிச்சு வைக்க என்ன கிடக்கு? ஆனா ஊர், தெரு ஒண்டும் எழுதக்கூடாது. அண்ணை எழுதினது மட்டும்." நான் அண்ணனின் கையெழுத்தையே பெருப்பித்துக் கீழே ஒட்டினேன். இடம் எழுதாமல் நான் வைத்த ஒரே படம் அது.

அண்ணன் வந்தார், தன்னைவிட உயரமாக நிற்கும் தன்னைப் பார்த்தார். "அந்தக் கிழவன் இடப்பக்கம் நில் எண்டுதான் சொன்னவன்" என்று முணுமுணுத்துவிட்டு விறுவிறு என்று உள்ளே போய்விட்டார். மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றார். இங்கத்தைய விருந்தினர் வழக்கம்போல "என்ன வடிவான வீடு" என்றார்கள். அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். யன்னல்களை மட்டும் காட்டவில்லை.

பிறகு அண்ணனின் ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் உள்ளே போக, அண்ணனைவிட வயது கூடிய ஒருவர் மட்டும் படத்தின் முன் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். மனைவி கிண்ணத்தோடு அவருக்குக் கிட்ட வந்தார்.

"இது அந்த பம்ப் ஹவுஸ் எல்லோ?"

நான் "ஓம்" என்றேன்.

அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் குனிந்தார். "தங்கச்சி, என்ர மனிசி பின்னால வாறா. ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. எங்கட வீட்டிலயும் இந்தப் படம் தொங்குது."

"உங்கடையோ?"

"நாங்கள் எல்லாரும் அதிலதான் நிண்டு எடுத்தது. இந்தக் கோட்டேதான். இவர் கழற்றித் தர நான் போட்டனான். அவ இண்டைக்கும் அது என்ர முதலாளியின்ர மாளிகை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா."

மனைவி அவருக்குச் சந்தனம் கொடுத்தார். "பயப்பிடாதேங்கோ அண்ணை," என்றார், "நான் ஏன் சொல்லுறன்? உங்கட படத்தில சாப்பாட்டறை தெரியுமோ?"

அவர் விழித்தார். எனக்கோ வேறு அவசரம் இருந்தது. "நீங்கள் எந்தப் பக்கம் நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"இடப்பக்கம். கிழவன் சொன்னது மாதிரி."

"அப்ப கதவு தெரியுமோ? என்ன நிறம்?"

மனைவி என் முழங்கையில் கிள்ளினார். ஆனால் வந்தவர் யோசித்துப் பதில் சொன்னார். "மண்ணிறம். நல்லா ஞாபகம் இருக்கு."

மறுநாள் காலை இந்தத் தகவலை அந்தப் பக்கத்தில் பதிந்தேன். பச்சைக் கட்சியும் சிவப்புக் கட்சியும் உடனே ஒன்றுசேர்ந்தன. மண்ணிறமாக இருக்கவே முடியாதாம். அது பூச்சுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சாம். நான் எந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் என்று ஒருவர் கேட்டிருந்தார். பூம்ப்ளிஸ் என்று எழுதினேன். அது தங்கள் ஊரில் எந்தப் பக்கம் என்று இன்னொருவர் கேட்டார்.

சின்னப் படம் மறுபடி எங்கள் சுவருக்கு வந்துவிட்டது. விருந்தினர் வந்தால் மனைவி விரலால் தொட்டுக் காட்டுகிறார்: கீழே இடப்பக்கம் குசினி, மேலே நடுவில் சாமியறை. சாப்பாட்டறையை மட்டும் இப்போது காட்டுவதில்லை.